அட்லஸ் ஹவுஸ்: போணியாகாத ஒரு பீங்கான் கடை

இங்கிலாந்தில் முன்னோரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். தேடுவதற்கு வசதியும் இருக்கிறது. 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் அரசுப் பதிவேட்டில் கிடைக்கின்றன. 1841இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், அன்றிரவு வீட்டில் படுத்திருந்த ஒவ்வொருவர் பெயரும் உண்டு. நூறு வருடம் கழிந்த பிறகு அந்த ஏடுகளை எல்லோரும் பார்க்கலாம்.

அந்த ஏடுகளில் நான் ரசித்துப் படிப்பதும் அவ்வளவாக நம்பாததும் ஒன்றேதான்: தொழில் என்ற கட்டம். ஒரு மனிதனுக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். மளிகைக்கடைக்காரர், தச்சர், தையல்காரர், அவ்வளவுதான். மனைவிக்குப் பல நேரம் அந்தக் கட்டம் காலி. காலையில் கடை திறந்து, கணவன் வெளியே போனதும் கல்லாவில் உட்கார்ந்து, இரவு கதவடைத்தவள் அவளாகவே இருந்தாலும் காலிதான். விக்டோரியா காலத்துச் சின்ன ஊர்க் கடைக்காரரின் வீட்டில் உலை எதனால் கொதித்தது என்று அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

ஜோசப் வெல்ஸ் என்பவரின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கென்ட் மாவட்டத்தில், லண்டனிலிருந்து பத்து மைல் தள்ளியிருந்த பிராம்லி என்ற சந்தை ஊரில், ஹை ஸ்ட்ரீட் 47ஆம் எண் வீட்டில், 1855 முதல் 1887 வரை பீங்கான் கடை வைத்திருந்தவர். கடைக்கு அட்லஸ் ஹவுஸ் என்று பெயர். ஜன்னலில் விளக்கைச் சுமந்து நிற்கும் அட்லஸ் பொம்மை ஒன்று இருந்ததால் வந்த பெயர். ஜோசப்பின் கடைசி மகன் ஹெர்பர்ட் ஜார்ஜ் பின்னாளில் எச். ஜி. வெல்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டதால்தான் இந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது. அம்மா நாட்குறிப்பு எழுதினாள். மகன் 1934இல் தன்வரலாறு எழுதியபோது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். பெரும்பாலான கடைக்காரக் குடும்பங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தக் கதையை யார் சொன்னாலும் மகனுடைய புகழுக்கு முன்னுரையாகவே சொல்கிறார்கள். அப்பா உருப்படாதவர், அம்மா பழமைவாதி, பிள்ளை மேதை. நான் அப்பாவையும் அம்மாவையும் அவர்களுக்காகவே பார்க்க விரும்புகிறேன். முப்பத்திரண்டு வருடம் ஒரு கடையை நடத்திய இவர்களுக்குச் சோறு போட்டது அந்தக் கடை அல்ல என்பதுதான் என் எண்ணம். எதை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தார்களோ, அந்தப் பழைய வேலைகளே கடைசிவரை இவர்களைத் தாங்கின.

முதலில் அந்தப் பழைய வேலைகள் என்ன என்று பார்ப்போம்.

ஜோசப் 1828இல் கென்டின் பென்ஸ்ஹர்ஸ்ட் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் லார்டு டி லைலின் தலைமைத் தோட்டக்காரர். மகனும் தோட்ட வேலையே கற்றார். பிரபு வீட்டுத் தோட்டக்காரர் என்றால் மண்வெட்டியும் கையுமாக நிற்பவர் மட்டுமல்ல. கண்ணாடி வீட்டில் திராட்சை வளர்க்கவும், பருவம் தப்பிப் பழம் காய்க்க வைக்கவும் தெரிந்த தொழில்காரர். ஜோசப்புக்குப் படிப்பில் ஆசை உண்டு. ராத்திரியில் வெட்டவெளியில் மல்லாந்து படுத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன் என்று பிற்காலத்தில் மகனிடம் சொல்லியிருக்கிறார். எஜமானர்களோடு மட்டும் அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. ஓரிடத்தில் நிலைக்காமல் வேலை மாறிக்கொண்டே இருந்தார்.

சாரா நீல் 1822இல் பிறந்தவள், கணவனைவிட மூத்தவள். அவளுடைய அப்பா சஸெக்ஸ் மாவட்டத்து மிட்ஹர்ஸ்டில் சத்திரம் நடத்தியவர். சிசெஸ்டரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பிக் கொஞ்சம் படிக்க வைத்தார்கள். அப்புறம் நாலு வருடம் தையல், கூடவே சிகை அலங்காரம். இவ்வளவும் கற்றால் சீமாட்டிகளின் அந்தரங்கப் பணிப்பெண் ஆகலாம். வேலைக்காரப் படிநிலையில் அது உயர்ந்த இடம். அடுப்படிக்குப் போகவேண்டாம், தரை துடைக்க வேண்டாம். எஜமானியின் உடைகள், தலைமுடி, பயணப் பெட்டி, இவைதான் பொறுப்பு.

1850இல் சாரா அப்பார்க் மாளிகைக்கு வேலைக்குப் போனாள். சஸெக்ஸில், சவுத் ஹார்டிங் கிராமத்துக்கு மேலே குன்றின் உச்சியில் நிற்கும் வீடு. அந்த வீட்டுக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. அதன் சொந்தக்காரர் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா எழுபது வயது தாண்டிய பிறகு, 1825இல், தன் பால்பண்ணையில் வேலை செய்த இருபது வயதுப் பெண்ணான மேரி ஆன் புல்லக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். அக்கம்பக்கத்துப் பிரபுக் குடும்பங்கள் என்ன பேசியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அவர் 1846இல் இறந்தபோது முழுச் சொத்தும் அவளுக்கே வந்தது. அவளோடு அவள் தங்கை ஃபிரான்ஸிஸும் இருந்தாள். சாரா அந்தத் தங்கைக்குத்தான் பணிப்பெண். இந்தத் தங்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவாள்.

1851இல் அதே அப்பார்க்குக்கு ஜோசப் தோட்டக்காரராக வந்தார். மற்றதை ஊகிக்கலாம். 1853 சாராவுக்குப் பெரும் துயரத்தின் வருடம். அப்பாவும் அம்மாவும் அந்த ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். சத்திரத்தின் மேல் கடன் இருந்ததால் கைக்கு எதுவும் வரவில்லை. அந்த நவம்பர் 22ஆம் தேதி லண்டன் நகரில் கோல்மன் தெருவிலிருந்த புனித ஸ்டீபன் தேவாலயத்தில் ஜோசப்புக்கும் சாராவுக்கும் திருமணம் நடந்தது. உறவினர் கூட்டம், விருந்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. (கல்யாணம் நடந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்றால் முடியாது. 1940 டிசம்பர் குண்டுவீச்சில் அந்தத் தேவாலயம் தரைமட்டமாகிவிட்டது.)

கல்யாணமானதும் சாராவின் வேலை போனது. அந்தரங்கப் பணிப்பெண்ணுக்குக் கணவனும் குழந்தையும் இருப்பதை அந்த வீடுகள் ஏற்பதில்லை. ஜோசப்புக்கு வார்விக்‌ஷயரில் ஷக்பர்க் பார்க்கில் குடிசையோடு கூடிய தோட்ட வேலை கிடைத்தது. 1855இல் முதல் குழந்தை ஃபேனி பிறந்தாள். அந்த வருடமே வேலையும் போயிற்று. குடிசை வேலையோடு சேர்ந்தது என்பதால் அதுவும் போயிற்று. கைக்குழந்தையோடு நடுத்தெருவில் நிற்காத குறை.

இந்த நேரத்தில்தான் உறவுக்காரர் ஒருவர் கைகொடுக்க வந்தார். ஜோசப்பின் ஒன்றுவிட்ட சகோதரர் ஜார்ஜ் வெல்ஸ், பிராம்லியில் பீங்கான் கடை வைத்திருந்தவர். கடையை நீயே எடுத்துக்கொள் என்றார். கையிலிருந்ததைக் கொடுத்து ஜோசப் வாங்கினார். 1855 அக்டோபரில் குடும்பம் பிராம்லிக்கு வந்து சேர்ந்தது. வந்து சில நாளிலேயே சாரா நாட்குறிப்பில் எழுதிவிட்டாள்: சொந்தக்காரர்களே ஏமாற்றிவிட்டார்கள், பணம் அவர்களுக்குப் போனது, பழைய சரக்கு நமக்கு மிஞ்சியது என்று.

உண்மையில் நடந்ததும் அதுதான். விற்காத ஜாடிகளும் போணியாகாத தட்டுகளும் நிறைந்த ஒரு கடையை, அதை விற்றுத் தொலைக்கக் காத்திருந்தவரிடமிருந்து வாங்கியிருந்தார்கள். புதுச் சரக்கு எடுக்க முதல் இல்லை. பீங்கான் வியாபாரத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சர்க்கரையும் டீத்தூளும் தீர்ந்தால் வாரம் தவறாமல் ஆள் வருவார்கள். தட்டு உடைந்தால்தான் அடுத்த தட்டு. காசுள்ளவர்கள் முழு செட்டாக லண்டனில் வாங்கிவிடுவார்கள். ஏழைகள் ஒரு கோப்பை உடைந்தால் ஒரு கோப்பை வாங்குவார்கள், அதுவும் கடனுக்கு.

அந்த வீட்டைப் பற்றி மகன் எழுதியிருப்பதைப் படித்தால் ஒரு வரைபடமே போட்டுவிடலாம். தெருவைப் பார்த்த கடை. அதற்குப் பின்னால் சின்ன முன்னறை. செங்குத்தான படியில் இறங்கினால் நிலவறையில் சமையலறை, பகல் பொழுது பெரும்பாலும் அங்கேதான். நடைபாதையில் பதித்த கம்பிச் சட்டத்தின் வழியாகத்தான் அங்கே வெளிச்சம் வரும். கீழே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியாது, காலணிகள் மட்டும் தெரியும். தேய்ந்த அடி, பிளந்த ஓரம், ஒட்டுப்போட்ட தோல் என்று மேலே போய்வரும் ஒவ்வொரு பூட்ஸையும் அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்கும் வயதில், சோஷலிசத்துக்கு ஆதரவாக எழுதியபோது, பூட்ஸை வைத்தே ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். பின்கட்டில் குடிதண்ணீர்க் கிணறும் கழிவுக்குழியும் ஒரே முற்றத்தில். மதிலுக்கு அந்தப் பக்கம் கசாப்புக்கடைக்காரரின் கொட்டில், வெட்டுக்குக் காத்திருக்கும் ஆடுகளும் பன்றிகளும் கத்திக்கொண்டிருக்கும். தலைவாரி விட்டே பழகிய கை, தண்ணீர் இறைத்து, அடுப்புக்குக் கரி சுமந்து, கடை மணி அடிக்கும்போதெல்லாம் படியேறி ஓடியது. சமையலோ துப்புரவோ அவள் முறையாகக் கற்றதே இல்லை. அவள் கற்ற வேலைக்கு அந்த வீட்டில் தேவையே இல்லை.

சரி, கடை ஓடவில்லை என்றால் முப்பத்திரண்டு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

கிரிக்கெட்.

ஜோசப் பிறந்த பென்ஸ்ஹர்ஸ்ட், பந்து செய்யும் ஊர். டியூக் குடும்பத்தின் கிரிக்கெட் பந்துப் பட்டறை பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இருந்தது. சின்ன வயதிலேயே ஆட்டம் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஜோசப் வேகப்பந்து வீச்சாளர். அப்போது கையைத் தோளுக்கு மேல் தூக்கி வீச அனுமதி கிடையாது, பக்கவாட்டில் சுழற்றித்தான் வீசவேண்டும். ஓவருக்கு நாலே பந்து.

1862 ஜூன் 26ஆம் தேதி, ஹோவ் நகரின் பிரன்ஸ்விக் மைதானத்தில் சஸெக்ஸ் அணிக்கு எதிராகக் கென்ட்டுக்காக ஆடிய ஜோசப் வெல்ஸ், அடுத்தடுத்த நாலு பந்துகளில் நாலு விக்கெட் எடுத்தார். முதல்தர ஆட்டத்தில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை. அந்த நாலு பேரில் ஒருவர் ஸ்பென்சர் ஆஸ்டின்-லீ, நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் அண்ணன் வழிப் பேரன் முறை. எச். ஜி. வெல்ஸின் அப்பா ஜேன் ஆஸ்டினின் பேரனை அவுட்டாக்கினார் என்பதை இலக்கிய வினாடி வினா நடத்துபவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதே ஆகஸ்டில் கென்ட்டின் எட்கர் வில்ஷர் ஓவல் மைதானத்தில் கையை உயர்த்தி வீசினார் என்று தொடர்ந்து நோ-பால் கொடுக்கப்பட்டுப் பெரிய ரகளை ஆனது. இரண்டு வருடம் கழித்து, 1864இல், விதியையே மாற்றினார்கள். ஆக, ஜோசப் ஆடிய ஆட்டம் அவர் கண் முன்னாலேயே பழையதாகிக்கொண்டிருந்தது. கென்ட்டுக்காக அவர் ஆடியது இரண்டே பருவங்கள்.

சம்பளம் வந்தது அந்தப் பெரிய ஆட்டங்களால் அல்ல. அன்றைய கிரிக்கெட்டில் இரண்டு சாதி. காசு வாங்காமல் ஆடும் கனவான்கள், காசுக்கு ஆடும் ஆட்டக்காரர்கள். ஒரே அணியில் ஆடினாலும் உடைமாற்ற வேறு வேறு அறை, மைதானத்துக்குள் வரவும் வேறு வேறு வாசல். ஜோசப் இரண்டாவது சாதி. வசதியுள்ள மன்றங்களில் கனவான்களுக்குப் பந்து போட்டார். கோடையில் நார்விச் கிராமர் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். பிராம்லியில் கிரிக்கெட் மன்றத்தைத் தூக்கி நிறுத்தினார். கடையிலும் தட்டுகளுக்கு நடுவே மட்டையும் பந்தும் ஸ்டம்பும் ஏறின. அட்லஸ் ஹவுஸில் ஓரளவாவது விற்ற சரக்கு அதுதான். பீங்கான் கடைக்காரரின் வீட்டில் கோடையில் வந்த காசு கிரிக்கெட் காசு. பருவம் முடிந்தால் அதுவும் முடிந்தது. குளிர்காலம் முழுக்கக் கடையை நம்பவேண்டும், அதாவது கடனை நம்பவேண்டும்.

சாராவுக்கு இந்தக் கிரிக்கெட் பிடிக்கவே இல்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கணவன் மைதானத்துக்குப் போனால் கடையும் குழந்தைகளும் அவள் தலையில். திரும்பி வந்த பிறகும் சீட்டாட்டம், நண்பர்கள். ஆனால் அந்த ஆட்டம் இல்லையென்றால் வீட்டில் ரொட்டியும் இருந்திருக்காது. இரண்டும் உண்மை.

1857இல் ஃபிராங்க், 1862இல் ஃபிரெட் பிறந்தார்கள். 1864இல் ஒன்பது வயது ஃபேனி இறந்தாள். அம்மாவின் செல்லம், பக்தியில் அம்மாவைப் போலவே இருந்தவள். வயிற்று வலியில் துடித்துச் செத்தாள். அது குடல்வால் அழற்சியாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது சொல்லிவிடலாம், அன்றைய மருத்துவத்துக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டு டீ விருந்தில் ஏதோ கொடுத்துவிட்டார்கள் என்று சாரா மனதுக்குள் நினைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடம் கழித்து, 1866 செப்டம்பர் 21ஆம் தேதி, கடைக்கு மேலே படுக்கையறையில் பெர்ட்டி, அதாவது ஹெர்பர்ட் ஜார்ஜ், பிறந்தான். அந்தப் பெண்ணின் இடத்தை நிரப்ப ஆண்டவர் அனுப்பியவன் என்று அவள் நம்பினாள். அவனோ ஃபேனியின் பக்தியில் ஒரு துளிகூட இல்லாமல் வளர்ந்தான்.

சாராவின் இன்னொரு பக்தி விக்டோரியா அரசியார். அரசியார் இவளைவிட மூன்றே வயது மூத்தவர், இவளைப் போலவே குள்ளம், இவளைப் போலவே பிள்ளைகுட்டிக்காரி. அரசியார் என்ன உடுத்தினார், எங்கே போனார் என்று ஓயாமல் பேசுவாள். இதைக் கேட்டுக் கேட்டே தனக்கு முடியாட்சி மேல் வெறுப்பு வந்தது என்று மகன் எழுதினார்.

சாராவுக்கு இதைவிட முக்கியமான நம்பிக்கை ஒன்று இருந்தது: நாம் கடைக்காரர்கள், கூலிக்காரர்கள் அல்ல. இதற்காக அவள் கொடுத்த விலையை யாரும் சரியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் கறி இல்லாத நாளிலும் பையன்களை ஏழைகளுக்கான நேஷனல் ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. ஹை ஸ்ட்ரீட்டிலேயே தாமஸ் மார்லி என்பவர் நடத்திய தனியார் அகாடமிக்குக் கட்டணம் கட்டி அனுப்பினாள். நேஷனல் ஸ்கூல் பையன்களும் மார்லி பையன்களும் மார்ட்டின்ஸ் ஹில் மேட்டில் கல்லெறிந்து சண்டை போட்டார்கள். இரண்டு தரப்பு வீட்டிலும் இருந்த காசு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்திருக்கும். ஆனால் ஒருவன் கடைக்காரன் மகன், மற்றவன் வேலைக்காரன் மகன். மார்லி தன் பையன்களை எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் தயார்செய்தார். பேரேடு எழுதுவதில் பெர்ட்டி இங்கிலாந்திலேயே முதலிடத்தை இன்னொருவனோடு பகிர்ந்துகொண்டான்.

இதற்குள் ஊர் மாறிவிட்டது. 1858இல் பிராம்லிக்கு ரயில் வந்தது, 1878இல் இரண்டாவது நிலையமும் வந்தது. வயல்களில் வீடுகள் முளைத்தன, ஜனம் பெருகியது. உள்ளூர்க் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். ரயிலில் வந்து குடியேறியவர்கள் அதே ரயிலில் லண்டன் போய் வாங்கினார்கள். 1871இல் தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் போன்ற பெரிய கடைகளின் வண்டிகள் வீட்டு வாசலுக்கே சரக்கு கொண்டுவந்தன. அட்லஸ் ஹவுஸ் வாசலைத் தாண்டித்தான் அந்த வண்டிகள் போயிருக்கும்.

பிறகு இரண்டு கால் முறிவுகள். 1874இல் பெர்ட்டியின் கால். கிரிக்கெட் மைதானத்துக் கூடாரத்தருகே ஒரு வாலிபன் விளையாட்டாகத் தூக்கிப்போட்டுப் பிடிக்கத் தவறினான். ஏழு வயதுப் பையன் வாரக்கணக்கில் முன்னறை சோபாவில் கிடந்தான். அப்பா ஊர் வாசகசாலையிலிருந்து புத்தகங்களாகக் கொண்டுவந்து குவித்தார். அந்தப் பையனுக்குப் படிப்பு பிடித்துக்கொண்டது அங்கேதான். அப்பா உருப்படாதவர் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது, 1877 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாராவும் பையன்களும் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். ஜோசப் பின்கட்டில் திராட்சைக்கொடியைக் கத்தரிக்க ஏறியிருந்தார். பிரபுக்களின் கண்ணாடி வீட்டை விட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியும் அவர் அங்கேயும் ஒரு திராட்சைக்கொடியை வளர்த்து வந்திருக்கிறார். விழுந்தார். தொடை எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. பந்து வீசும் காலம் முடிந்தது. அந்த ஒரு விழுதலில் கோடைக் காசு, பயிற்சிச் சம்பளம், மன்றத்து வரும்படி எல்லாம் ஒரேயடியாக நின்றன. மருத்துவர் செலவு வேறு.

அதற்குப் பிறகான மூன்று வருடங்களில்தான் இந்தக் குடும்பத்தின் உண்மையான கணக்கு வெளியே தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பீங்கான் வியாபாரி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் முதல் தடவையாகப் பீங்கான் வியாபாரியாக மட்டும் இருந்தார். அதில் வாழ முடியவில்லை.

1880இல் அப்பார்க்கிலிருந்து கடிதம் வந்தது. அந்தத் தங்கை ஃபிரான்ஸிஸ் ஞாபகம் இருக்கிறதா? அக்கா இறந்து, சொத்தும் ஃபெதர்ஸ்டன்ஹா பெயரும் இப்போது இவளுக்கு. தன் பழைய பணிப்பெண்ணை மாளிகையின் ஹவுஸ்கீப்பராக வரச் சொல்லிக் கேட்டிருந்தாள். சாராவுக்கு அப்போது 57 வயது. யோசிக்கவே இல்லை. இருபத்தைந்து வருடக் கடை வாழ்க்கையை இறக்கிவைத்துவிட்டுப் புறப்பட்டாள். கணவன் கடையிலேயே இருந்தார். ஹவுஸ்கீப்பர் என்றால் கருப்புப் பட்டுடை, இடுப்பில் சாவிக்கொத்து, தனி அறை, சம்பளம். அதைச் செய்யும் திறமை அவளுக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். கணக்கு வராது, காது மந்தமாகிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே மோசமான ஹவுஸ்கீப்பர் அவளாகத்தான் இருந்திருப்பாள் என்று மகனே எழுதினார். இருந்தும் பதின்மூன்று வருடம் இருந்தாள், 1893 வரை.

அப்பார்க் இப்போது பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம். 1989 தீவிபத்தில் மேல்பாகம் எரிந்துபோய், பழையபடியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். போனால் மேல் அறைகளில் அதிகம் நிற்காதீர்கள், நிலவறைக்கு இறங்குங்கள். சமையல்கட்டு தனிக் கட்டடம். எஜமானர்கள் கண்ணில் வேலைக்காரர்கள் படக்கூடாது என்று நிலத்துக்கு அடியிலேயே சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். செங்கல் வளைவுக்குள் நடந்தேன், இருட்டும் ஈரமுமாக, அங்கங்கே மேலேயிருந்து கொஞ்சம் வெளிச்சம். பிராம்லி சமையலறையும் பூமிக்கு அடியில்தான், இங்கேயும் சாராவின் அறை பூமிக்கு அடியில்தான். ஆனால் இங்கே சம்பளம் உண்டு.

அந்தச் சம்பளத்தைக் கொண்டு அவள் என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு வியப்பு. மூன்று பையன்களையும் ஜவுளிக்கடைக்காரர்கள் ஆக்கிவிடுவது அவளுடைய வாழ்நாள் லட்சியம். மண்பாண்டம், பீங்கான் எல்லாம் உடையும், துணி உடையாது என்று நினைத்தாளோ என்னவோ. சுத்தமான கை, கருப்புக் கோட்டு, மரியாதையான பேச்சு, அவள் கண்ணில் அதுதான் கௌரவமான தொழில். மூத்தவர்கள் இருவரையும் ஏற்கெனவே ஜவுளிக்கடையில் பழகுநர்களாகச் சேர்த்தாயிற்று. பெர்ட்டியை 1880இல் விண்ட்சரில் ஒரு ஜவுளிக்கடையில் விட்டாள். பேரேட்டில் பரிசு வாங்கிய பையன் கல்லாவில் உட்கார்ந்தான், ஒரு நாளும் கணக்கு சரியாக வரவில்லை, அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஒரு மருந்துக்கடை. 1881இல் சவுத்ஸீயில் மறுபடி ஜவுளிக்கடை. இதற்கெல்லாம் பழகுநரின் வீட்டார்தான் முன்பணம் கட்டவேண்டும், ஹவுஸ்கீப்பர் சம்பளத்திலிருந்து. கடைக்கு மேலேயே தூக்கம், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை துணி மடிப்பு, நாலு வருட ஒப்பந்தம். இரண்டு வருடம் தாங்கினான். 1883இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பி, பதினேழு மைல் நடந்து அப்பார்க்குக்குப் போய், விடாவிட்டால் செத்துப்போவேன் என்று அம்மாவிடம் சொன்னான். மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை, அடுத்த வருடம் உதவித்தொகையோடு லண்டனில் அறிவியல் படிப்பு என்று அவன் கதை வேறு பக்கம் போய்விட்டது. ஃபிராங்க் துணியை விட்டுவிட்டுக் கிராமம் கிராமமாகக் கடிகாரம் பழுதுபார்க்கப் போனான். ஃபிரெட் மட்டும்தான் ஜவுளியில் நிலைத்தான், அதுவும் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்.

பிராம்லியில் ஜோசப் ஏழு வருடம் தனியாகக் கடை நடத்தினார். நடத்தினார் என்பதுகூடப் பெரிய சொல். ஆனால் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. சமையலில் மனைவியைவிட அவருக்குத்தான் கைப்பக்குவம். ஏலத்தில் பழைய புத்தகங்கள் வாங்கினார், செய்தித்தாளை விடாமல் படித்தார், பகைமை இல்லாமல் கடனைச் சமாளித்தார். 1887இல் கடை ஒருவழியாகக் கைமாறிப் போனது. அப்பார்க்கிலிருந்து அதிக தூரமில்லாத நையவுட் என்ற இடத்தில் ஒரு குடிலுக்குக் குடிபோனார். அந்தக் குடிலுக்கும் சாராவின் சம்பளம்தான்.

1893இல் சாராவுக்கு வேலை போனபோது இருவரும் ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள், பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு. பின்னர் ஹாம்ப்‌ஷயரில் லிஸ் என்ற ஊர். அப்போது பெர்ட்டிக்கு எழுத்தில் காசு வரத் தொடங்கியிருந்தது, அவனே செலவுக்குக் கொடுத்தான். தோட்டம் இருந்தது. சாரா 1905இல் இறந்தாள். ஜோசப் 1910 அக்டோபரில், 82 வயதில். தோற்றுப்போன சின்னக் கடைக்காரர் ஒருவர் கடைக்குத் தீவைத்துவிட்டு ஓடிப்போவதாக மகன் எழுதிய நகைச்சுவை நாவல், ‘மிஸ்டர் பாலியின் வரலாறு’, அதே வருடம்தான் வெளிவந்தது. ஜோசப் கடைக்குத் தீவைக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஷட்டர் திறந்தார்.

பிராம்லி சந்தைச் சதுக்கத்தில் 1879வாக்கில் மெட்ஹர்ஸ்ட் என்பவர் ஒரு ஜவுளிக்கடையை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தார். அது அக்கம்பக்கத்தை விழுங்கி விழுங்கிப் பெரிய கடையாக வளர்ந்தது, 47ஆம் எண் இருந்த இடமும் அதற்குள் போயிற்று. பிறகு ஆல்டர்ஸ் என்ற பெரிய கடை வந்தது. இப்போது பிரைமார்க் என்ற மலிவு விலைத் துணிக்கடை. எச். ஜி. வெல்ஸ் இங்கே பிறந்தார் என்ற நீலப் பலகை அதன் சுவரில் இருக்கிறது. கீழே சனிக்கிழமை மத்தியானங்களில் ஐந்து பவுண்டு டீ-ஷர்ட்டுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், துணிதான் ஓடும் என்று சாரா சொன்னதில் தப்பில்லை என்றே படுகிறது.